அரசாங்கத்துக்கென்று ஒரு திறவுகோல்

1993-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 16-ஆம் தேதி, கிளிண்டன் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்று மூன்று மாதங்கூட நிரம்பாத நிலையில், வெள்ளை மாளிகையிலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவந்தது. பிரஜைகள் தங்கள் சம்பாஷணை பிறர் செவியில் விழாமல் காத்துக்கொள்ள விரும்புவதும் நியாயம், குற்றவாளிகளின் பேச்சைச் சட்டப்படி கேட்டறிய வேண்டிய கடமை சர்க்காருக்கு இருப்பதும் நியாயம் என்று இரு பக்கத்தையும் ஒப்புக்கொண்ட அவ்வறிவிப்பு, இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றித் தரக்கூடிய சாதனம் ஒன்று ஆயத்தமாகிவிட்டது என்று கூறிற்று. தொலைபேசிக்குள் பொருத்தத்தக்க சிறிய சிப் அது. 'கிளிப்பர்' என்பது அதன் பெயர்.

எண்களாக மாற்றப்பட்ட குரலை, 'ஸ்கிப்ஜாக்' என்ற பெயருடன் இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்த ஒரு சங்கேத முறையினால் பொருள் விளங்காதபடி மாற்றி அனுப்புவது அச்சிப்பின் வேலை. ஒவ்வொரு சம்பாஷணைக்கும் 80 பிட் நீளமுள்ள புதியதொரு திறவுகோல் பயன்படும். ஆனால் அத்திறவுகோலையே, தயாரிக்கும்போதே தன்னுள் பதிக்கப்பட்ட நிரந்தரத் திறவுகோல் ஒன்றினால் பூட்டி, 128 பிட் கொண்ட ஒரு முத்திரையாக்கி, பேச்சு தொடங்குமுன் அந்தச் சிப் கம்பியின் வழியே அனுப்பிவிடும். நிரந்தரத் திறவுகோலோ இரண்டு பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாகம் தரநிர்ணய ஸ்தாபனத்தின் பொறுப்பிலும் மற்றொரு பாகம் நிதி இலாகாவின் பொறுப்பிலும் இருக்கும். ஒட்டுக்கேட்பதற்கு உரிய அனுமதியோடு வரும் அதிகாரிகள் இரு பாகங்களையும் பெற்று ஒன்றுசேர்த்து, முத்திரையைத் திறந்து, அதிலிருந்து அன்றைய சம்பாஷணையின் திறவுகோலை எடுத்துக்கொள்ளலாம். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்லெண்ணமுள்ள சர்க்கார் ஒன்று நிதானமாக யோசித்துச் செய்த ஏற்பாடாகவே தோன்றும்.

அந்தச் சிப் சந்தையில் நிலைக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் திட்டமே கைவிடப்பட்டது. ஆயினும் அதற்கு அடிப்படையாயிருந்த எண்ணம், அதாவது நல்லவர்கள் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு ஒன்றை விஞ்ஞானிகள் முயன்றால் செய்துவிடலாம் என்னும் எண்ணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு தேசத்தில் வேறு பெயர் சூட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப எழுகிறது. நம் நாட்டிலும் எழுந்திருக்கிறது. அதனை எதிர்ப்பவர்கள் சர்க்காரின்மீது விரோதம் கொண்டவர்கள் என்றும், அந்தரங்கம் என்ற ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தேசப் பாதுகாப்பை மறந்தவர்கள் என்றும் ஓர் அபிப்பிராயம் நிலவுகிறபடியால், அந்த எதிர்ப்பின் வேர் அரசியலில் மட்டுமன்றிக் கணிதத்திலும் யந்திர சாஸ்திரத்திலும் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்பதை விளக்குவது அவசியமாகிறது.

நெடுங்காலம் சங்கேத சாஸ்திரம் அரசர்களுக்கும் சேனாதிபதிகளுக்கும் தூதர்களுக்குமே உரியதாக இருந்தது. அதற்குக் காரணம் அவ்வித்தையின் கடினம் மட்டுமன்று. ஒரு செய்தியைப் பூட்டி அனுப்ப வேண்டுமானால், பூட்டுபவரிடமும் திறப்பவரிடமும் ஒரே திறவுகோல் முன்கூட்டியே இருந்தாக வேண்டும்; அந்தத் திறவுகோலை நம்பத்தகுந்த ஆள்மூலம் கொண்டுசேர்க்கப் படையும் தூதரகமும் உள்ளவர்களுக்கே இயலும்; ஒருவரையொருவர் கண்டறியாத இரு சாமானியர் எவ்வாறு அதைச் செய்வது? 1976-ஆம் வருஷம் நவம்பரில், ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த விட்பீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பிரசுரித்த கட்டுரை இந்த இடையூற்றை நீக்கிற்று. இதே துறையில் ரால்ஃப் மெர்க்கிள் என்ற மாணவர் தனியே செய்த ஆராய்ச்சிக்கும் அவர்கள் கடன்பட்டவர்கள். உலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இருவர் உரக்கப் பேசி, அவர்களிருவர் மட்டுமே அறிந்த ஓர் எண்ணை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பது அவர்கள் கண்ட உண்மை. முதன்முறை கேட்கும்போது இது நம்பத்தக்கதாகத் தோன்றாது. ஆதலால் ஒரு சிறு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

இருவரும் 17, 3 என்ற இரண்டு எண்களைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 7 என்ற எண்ணைத் தம் மனத்துக்குள் இரகசியமாக எடுத்துக்கொண்டு, மூன்றை ஏழு முறை பெருக்கி, வந்த 2187-ஐப் பதினேழால் வகுத்து, மீதியாகிய 11-ஐ மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறார். இரண்டாமவர் 6 என்பதை இரகசியமாகக் கொண்டு அவ்வாறே செய்து, மீதியாகிய 15-ஐச் சொல்கிறார். இப்பொழுது முதலாமவர் தாம் கேட்ட 15-ஐ ஏழு முறை பெருக்கிப் பதினேழால் வகுத்தால் மீதி 8. இரண்டாமவர் தாம் கேட்ட 11-ஐ ஆறு முறை பெருக்கிப் பதினேழால் வகுத்தாலும் மீதி அதே 8. இந்த எட்டை இருவரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டவருக்குத் தெரிந்தவை 17, 3, 11, 15 என்ற நான்குமே. அவற்றிலிருந்து மனத்துக்குள் இருந்த ஏழையோ ஆறையோ கண்டுபிடிக்க, ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம்; சுலபமான மார்க்கம் எதுவும் இதுவரை தெரியவில்லை. இத்தனை சிறிய எண்களில் அது ஒரு நிமிஷ வேலைதான்; ஆனால் பதினேழின் ஸ்தானத்தில் 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட பகா எண் ஒன்றை வைத்துவிட்டால், முன்னே பெருக்கிச் செல்வது கைபேசிக்கு ஒரு நொடியில் முடியும் காரியமாகவும், பின்னே திரும்பி வருவது உலகத்துக் கணிப்பொறிகள் யாவும் கூடினாலும் முடியாத காரியமாகவும் ஆகிவிடுகிறது. நாம் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பும்போதும், இதே கருத்தின் சற்று வளர்ச்சிபெற்ற வடிவம் நம்மை அறியாமலே நம் கையில் நடந்துகொண்டிருக்கிறது.

பிரிட்டிஷ் சர்க்காரின் ஒற்றறியும் ஸ்தாபனத்தில் பணிபுரிந்த எல்லிஸ், காக்ஸ், வில்லியம்சன் ஆகிய மூவர், இக்கண்டுபிடிப்பின் சாரத்தைச் சில ஆண்டுகள் முன்பே கண்டிருந்தும் வெளியிட அனுமதியின்றி மௌனமாயிருந்தார்கள் என்ற செய்தி 1997 டிசம்பரில்தான் உலகுக்குத் தெரிந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னரே எல்லிஸ் காலமாகிவிட்டார். உலகம் அறிய வேண்டிய ஓர் உண்மையைக் கண்டவர், அதைத் தாம் கண்டதாகச் சொல்லிக்கொள்ளவும் வாய்ப்பின்றி மறைந்தது என் மனத்தை மிகவும் வருத்துகிறது.

டிஃபி, ஹெல்மன் கட்டுரைக்குப் பிறகு சங்கேத வித்தை சர்க்காரின் ஏகபோகமாக இல்லை. இருவர் கூடி உண்டாக்கும் அந்த எண்ணில் மூன்றாமவருக்கு இடமில்லை என்பதே அம்முறையின் உயிர்நிலை. மூன்றாமவரை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் அதற்கென்று யந்திரத்தில் புதிதாக ஒரு பாகம் சேர்த்தாக வேண்டும். கிளிப்பரின் முத்திரை அப்படிச் சேர்க்கப்பட்ட பாகமே; எனவே அதன் பலவீனம் அங்கேயே வெளிப்பட்டது.

1994-ல் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த மேட் பிளேஸ் என்பவர் அம்முத்திரையைப் பரிசோதித்தார். முத்திரை சரியானதுதானா என்று எதிர்முனையிலுள்ள சிப் சோதித்துப் பார்த்த பிறகே பேச்சைத் திறக்கும். அச்சோதனைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததோ 16 பிட் மட்டுமே. பதினாறு பிட்டில் அடங்குபவை 65,536 சேர்க்கைகள். ஆகவே மனம்போனபடி முத்திரைகளை உண்டாக்கிச் சோதித்துக்கொண்டே போனால், பல்லாயிரத்தில் ஒன்று தற்செயலாகவே செல்லுபடியாகும். அப்படிக் கிடைத்த போலி முத்திரையை எதிர்முனைச் சிப் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதைத் திறக்கும் அதிகாரிக்கு அதனுள் ஒன்றும் அகப்படாது. இதற்குச் சராசரியாக ஒரு மணி நேரங்கூடத் தேவைப்படவில்லை. குற்றவாளியைப் பிடிப்பதற்கென்று வைத்த பொறியை, சற்று விஷயம் தெரிந்த குற்றவாளி எளிதில் கடந்துபோகலாம் என்றும், அதில் எஞ்சி அகப்பட்டிருப்பவர்கள் சாதாரணப் பிரஜைகளே என்றும் இதனால் ருஜுவாயிற்று.

அச்சோதனைக்கு 16 பிட்டுக்குப் பதிலாக 64 பிட் ஒதுக்கியிருந்தால் போயிற்று என்று ஒருவர் சொல்லக்கூடும். அந்தக் குறையைத் திருத்திவிடலாம் என்பது வாஸ்தவமே. 1997-ல் டிஃபி, ரிவெஸ்ட், பிளேஸ் உள்ளிட்ட பதினொரு நிபுணர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கை அதைக் காட்டிலும் அடிப்படையான ஆட்சேபத்தை எடுத்துக் காட்டிற்று. ஊரிலுள்ள எல்லா வீடுகளின் சாவியிலும் ஒரு பிரதி போலீஸ் நிலையத்து அலமாரியில் இருக்க வேண்டும் என்று விதித்தால், அன்று முதல் திருடனுக்கு ஒவ்வொரு வீட்டுப் பூட்டையும் உடைக்கும் சிரமம் இல்லை, அந்த ஒரு அலமாரி போதும். அந்நிய தேசத்து ஒற்றர்கள், லஞ்சம் வாங்கும் ஊழியர், கவனக்குறைவான மேலதிகாரி என்று அலமாரியை அணுகக்கூடியவர்கள் பலர். திறவுகோல் எண்ணாகவே இருக்கும்போது அதைப் பிரதி எடுத்துச் சென்ற பின்னும் அலமாரியில் அது இருந்தபடியே இருக்கும். களவு போனது யாருக்கும் தெரிய வராது.

இப்படிப்பட்ட பயம் கற்பனையென்று நினைத்தவர்களுக்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஏதென்ஸ் நகரம் விடை அளித்தது. அந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கைபேசியிலிருந்து கோபுரம் வரையில் ஆகாயத்தில் செல்லும் பேச்சு சங்கேதத்தில் செல்லும். ஆனால் அதற்கப்பால் அது திறக்கப்பட்டு, வேறு வழியில் அனுப்பப்படுவதற்காகத் தொலைபேசி நிலையத்துக்குள் சாதாரண எண் வடிவில் நிற்கும். எரிக்ஸன் கம்பெனி செய்தளித்த நிலைய யந்திரங்களில், நீதிமன்ற உத்தரவு வந்தால் குறிப்பிட்ட ஓர் எண்ணின் பேச்சை இரட்டித்து இன்னொரு தொலைபேசிக்கு அனுப்பும் வசதி மென்பொருளாகவே அமைந்திருந்தது. கிரேக்க வோடஃபோன் கம்பெனியின் யந்திரங்களிலும் அந்த வசதி உள்ளே இருந்தது. ஆனால் அதை இயக்குவதற்கும், யார் யார் பேச்சு கேட்கப்படுகிறது என்று ஜாபிதா வைப்பதற்கும் உரிய மேற்பார்வை மென்பொருளை அக்கம்பெனி வாங்கவில்லை. வசதி இருந்தது, காவல் இல்லை.

2004-ஆம் வருஷம், ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த அந்தக் கோடையில், எவரோ அந்த யந்திரங்களின் நினைவகத்துக்குள் தங்களுடைய மென்பொருளைப் புகுத்தி, உறங்கிக்கிடந்த ஒட்டுக்கேட்கும் வசதியை எழுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே கட்டிவைத்த வழி இருந்ததனால் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. பிரதம மந்திரி காராமான்லிஸ், மந்திரிகள், ஏதென்ஸ் நகர மேயர் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்களுடைய பேச்சு, முன்பணம் செலுத்திய அநாமதேயக் கைபேசிகள் பதினான்குக்கு மாதக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. 2005 ஜனவரியில், புகுத்தியவர்கள் தங்கள் மென்பொருளைப் புதுப்பிக்க முயன்றபோது நேர்ந்த தவறினால் சில சந்தாதாரர்களின் குறுஞ்செய்திகள் போய்ச்சேராமல் நின்றன. அதற்குக் காரணம் தேடப் போனபோதுதான் மார்ச்சில் விஷயம் அகப்பட்டது. அம்மென்பொருளைக் கம்பெனி உடனே அழித்துவிட்டதனால் குற்றவாளிகளைத் தடம்பிடிக்கும் வழியும் அடைபட்டது. ஒரு தேசத்தின் பிரதம மந்திரி தம் சொந்தத் தலைநகரில் பேசிய பேச்சைக் கேட்க உதவியது, அந்தத் தேசத்துச் சட்டத்துக்கு உதவ வேண்டுமென்று யந்திரத்தில் வைக்கப்பட்டிருந்த வசதியே.

அமெரிக்காவும் இந்தப் பாடத்திலிருந்து தப்பவில்லை. தொலைபேசிக் கம்பெனிகள் ஒட்டுக்கேட்கும் வசதியைத் தங்கள் யந்திரங்களில் கட்டாயம் அமைக்க வேண்டுமென்று அத்தேசத்துப் பார்லிமெண்டு 1994-ல் சட்டம் செய்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2024-ல், சீனாவைச் சேர்ந்த ஊடுருவிகள் என்று அமெரிக்க அதிகாரிகள் கூறும் ஒரு கூட்டத்தார் பெரிய தொலைபேசிக் கம்பெனிகளுக்குள் புகுந்து, சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்கு உரிய அமைப்புகளையே எட்டிப்பிடித்திருந்தது தெரிய வந்தது. அவ்வருஷம் டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகள், முனைக்கு முனை சங்கேதமுள்ள செயலிகளையே பயன்படுத்துங்கள் என்று ஜனங்களுக்குப் புத்திமதி கூற நேர்ந்தது. முனைக்கு முனை என்றால் இடையிலுள்ள நிலையத்திலும் கம்பெனியிலும் பேச்சு திறக்கப்படுவதில்லை. ஏதென்ஸில் திருட்டு நடந்த அந்த இடமே இதில் கிடையாது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 2015 செப்டம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட சங்கேதக் கொள்கையின் நகல் ஒன்று, பூட்டி அனுப்பிய செய்திகளின் வெளிப்படையான வடிவத்தை 90 நாட்கள் பிரஜைகளே சேமித்துவைத்துக் கேட்டபோது காட்ட வேண்டும் என்று விதித்தது. எங்கும் எழுந்த கண்டனத்தினால் அது உடனே திரும்பப் பெறப்பட்டது. அதைவிடக் கவனமாக யோசிக்க வேண்டிய விஷயம் பின்னர் வந்தது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸப் மூலம் ஊர் ஊராகப் பரவி, நாடெங்கும் நிரபராதிகள் பலர் கும்பல்களிடம் உயிரிழந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் குடும்பத்தோடு புறப்பட்ட மூதாட்டி ஒருவர் அவ்விதம் அடித்துக் கொல்லப்பட்டார். வதந்தியை முதலில் எழுப்பியவன் யார் என்று போலீசார் கேட்பதில் பிழை என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியின் பின்னால் உயிர்ச்சேதம் இருக்கிறது. அதை அலட்சியமாகத் தள்ளுகிறவர் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளும் தகுதியை இழக்கிறார்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் அதே காலத்தில் நடந்த ஒரு வழக்கில், 2019-ஆம் வருஷம், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி ஒரு யோசனை சமர்ப்பித்தார். ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் எழுதியவரின் அடையாளம் கூடவே செல்லட்டும். வேண்டுமானால் அதுவும் கம்பெனி வைத்திருக்கும் ஒரு திறவுகோலால் பூட்டப்பட்டே செல்லட்டும். நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டும் திறக்கலாம் என்பது அதன் சாரம். பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதற்குத் தடைகள் எழுப்பினார். எனக்குப் பிரபாகரனின் பக்கமே வலிமையுள்ளதாகப் படுகிறது. அடையாளத்தைச் செய்தியோடு சேர்ப்பது அனுப்புபவரின் கையிலுள்ள செயலி. அச்செயலியை மாற்றி எழுதத் தெரிந்த துஷ்டன் தன் வதந்தியின்மேல் இன்னொருவருடைய அடையாளத்தைப் பொறிக்க முயல்வான். வேறிடத்தில் கேட்ட வதந்தியைத் தன் விரலால் தட்டச்சு செய்து அனுப்பிய அப்பாவியோ, கணக்கின்படி முதல் ஆசிரியன் ஆகிவிடுவான். கிளிப்பரில் பிளேஸ் கண்ட போலி முத்திரையே இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது. அங்கே முத்திரை வெறுமையாயிருந்தது, இங்கே அதில் ஒரு நிரபராதியின் பெயர் இருக்கக்கூடும் என்பதுதான் வித்தியாசம்.

ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர்களையுடைய செய்திச் சேவைகள் முதல் ஆசிரியரைக் கண்டுபிடித்துத் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் வெளியான விதிகள் கூறுகின்றன. வாட்ஸப் கம்பெனி அதனை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றம் சென்றது. செய்தியைத் திறக்காமலே, ஒவ்வொன்றுக்கும் கணித முறையில் ஒரு சுருக்கக் குறியீடு கணித்து வைத்துக்கொண்டால் போதும் என்ற சமாதானமும் சொல்லப்பட்டது. ஒரே வாசகத்துக்கு எப்போதும் ஒரே குறியீடு வரும் என்பது அம்முறையின் இயல்பு. ஆகவே குறியீடுகளின் தொகுதியை வைத்திருப்பவர், தமக்குப் பிடிக்காத ஒரு வாசகத்தை எடுத்துக்கொண்டு, அதை அனுப்பியவர்கள் யார் யார் என்று விசாரிக்க முடியும். ஒரு காற்புள்ளியை மாற்றினால் குறியீடு முற்றிலும் மாறிவிடுமாதலால், தந்திரசாலி தப்பிவிடுவான். உள்ளது உள்ளபடி அனுப்பியவரே கணக்கில் வருவார்.

அப்படியானால் போலீசார் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்றால், இல்லை. யார் யாரோடு எப்போது எங்கிருந்து எத்தனை முறை தொடர்பு கொண்டார் என்ற விவரங்களைச் சங்கேதம் மறைப்பதில்லை. அவை தொலைபேசிக் கம்பெனிகளிடமும் ஓரளவு செயலிக் கம்பெனிகளிடமும் இருக்கின்றன. வதந்தியைப் பெற்ற நூறு பேரில் ஒருவர் தம் கைபேசியைத் தாமாகவே போலீசாரிடம் காட்டினால், அது அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்பது அங்கேயே தெரிகிறது. அந்த ஒருவரிலிருந்து பின்னோக்கிப் படிப்படியாகச் செல்லலாம். சந்தேகத்துக்குரிய ஒருவரின் கைபேசியைச் சட்டப்படி கைப்பற்றித் திறக்க முடிந்தால், அதிலுள்ள செய்திகளை அங்கேயே படிக்கலாம். இது மெதுவான வேலை, ஆள்பலம் வேண்டும் வேலை, ஒரு நேரத்தில் ஒருவரையே பின்தொடரக்கூடிய வேலை. கோடிக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் கவனிக்க இம்முறை இடம்தராது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு; நான் அதை இதன் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன்.

யந்திரத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, உத்தரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நெடுங்காலம் ஆதாரமாயிருந்தது 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம். 1996 டிசம்பர் 18-ஆம் தேதி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, தொலைபேசியில் அந்தரங்கமாகப் பேசும் உரிமை அரசியல் சட்டம் அளித்த உயிருரிமையில் அடங்கும் என்று நிலைநாட்டி, ஒட்டுக்கேட்கும் உத்தரவை உள்துறைக் காரியதரிசியே பிறப்பிக்க வேண்டும், அது இரண்டு மாதங்களுக்கே செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதங்களைத் தாண்டலாகாது, ஒரு பரிசீலனைக் குழு அதைப் பார்வையிட வேண்டும் என்று வரம்புகள் வகுத்தது. ஆனால் முன்கூட்டியே ஒரு நீதிபதியின் அனுமதி பெற வேண்டும் என்ற கோரிக்கையை, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கூறி ஏற்கவில்லை. அமெரிக்காவில் குற்ற விசாரணைக்காக ஒருவர் பேச்சைக் கேட்க 1968 முதல் நீதிபதியின் உத்தரவு தேவை. இங்கே கேட்பதும் சர்க்கார் அதிகாரி, அனுமதிப்பதும் சர்க்கார் காரியதரிசி, பரிசீலிப்பதும் சர்க்கார் காரியதரிசிகளே. கிளிப்பர் திட்டத்திலாவது திறவுகோலை இரண்டு இலாகாக்களுக்குப் பங்கிட்டு வைக்க வேண்டும் என்ற ஜாக்கிரதை இருந்தது. நம் செய்திகளுக்குள் புதிய அடையாளங்களைச் சேர்க்கச் சொல்லுமுன், இன்று கைவசமுள்ள அதிகாரத்துக்காவது உத்தரவுக் காகிதம் காரியதரிசியின் மேஜையிலிருந்து நீதிபதியின் மேஜைக்குப் போகட்டும். அதற்குக் கணிதம் எதுவும் தேவையில்லை, பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தால் போதும்.